ராணுவ முகாமின் கரண்ட் பில்: ஒரு யூனிட் மிச்சத்தின் உண்மையான விலை

ராணுவ முகாம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது டாங்கி, விமானம், அணிவகுப்பு. ஆனால் ஒரு முகாமுக்குள் போய்ப் பார்த்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் கட்டடங்கள்தான். வீரர்கள் தங்கும் பாரக், சாப்பிடும் மெஸ், அலுவலகங்கள், மருத்துவமனை, பணிமனை, குடும்பக் குடியிருப்பு, தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு. ஒரு சின்ன ஊருக்கு வேண்டிய எல்லாமே ஒரே மதிலுக்குள் இருக்கும். அந்த ஊருக்கும் கரண்ட் வேண்டும், அதற்கும் பில் வருகிறது. பில்லைக் கட்டுவது நம் வரிப்பணத்தில்.

தமிழ்நாட்டிலும் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. நீலகிரியில் வெலிங்டன், சென்னையில் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி, தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் விமானப்படை நிலையங்கள், அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி, ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து எனப் பட்டியல் நீளும். இந்தக் கட்டடங்களில் மின்சாரம் எப்படிச் செலவாகிறது, எப்படி மிச்சமாகிறது, அதிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஒரே வாசல், ஒரு பெரிய இணைப்பு

நம் வீட்டுக்கு வருவது தாழ்வழுத்த இணைப்பு. முகாம் போன்ற பெரிய வளாகங்களுக்கு 11,000 வோல்ட் அல்லது அதற்கும் மேலான உயர் அழுத்தத்தில் மின்சாரம் வரும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் அதைக் குறைத்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் அனுப்பும். மதிலுக்கு உள்ளே இருக்கும் கம்பி, கேபிள், டிரான்ஸ்ஃபார்மர், பம்ப், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது எம்.இ.எஸ். என்று அழைக்கப்படும் ராணுவப் பொறியாளர் சேவை. 1923 முதல் முப்படைகளின் கட்டடங்களையும் கட்டிப் பராமரித்து வருவது இந்த அமைப்புதான். டெல்லி கன்டோன்மென்ட் பகுதியில் மின் விநியோக உரிமதாரரே எம்.இ.எஸ். தான், அதாவது அங்கே மின்வாரியம் செய்கிற வேலையை அதுவே செய்கிறது.

உயர் அழுத்த இணைப்பின் பில்லில் நம் வீட்டு பில்லில் இல்லாத இரண்டு விஷயங்கள் வரும்.

முதலாவது, உச்சத் தேவை. மொத்தம் எத்தனை யூனிட் ஓடியது என்பது மட்டும் கணக்கில்லை; அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தீர்கள் என்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு. முகாமில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். கீசர், மெஸ் அடுப்பு, தண்ணீர் மோட்டார் எல்லாம் விடியற்காலையில் சேர்ந்து ஓடினால் அந்த அரை மணி நேரத்துக்காக மாதம் முழுவதும் கூடுதல் கட்டணம் கட்ட நேரிடும். மோட்டாரை மட்டும் வேறு நேரத்துக்கு மாற்றினாலே, ஒரு யூனிட்கூட குறையாமல் பில் குறையும்.

இரண்டாவது, பவர் ஃபேக்டர். மோட்டார், பழைய சோக் விளக்கு போன்றவை காந்தப்புலத்தை உருவாக்குவதற்காகக் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்துத் திருப்பி அனுப்பும். அது வேலையாக மாறாது, ஆனால் கம்பியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் அடைத்துக்கொள்ளும். டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறி, சீட்டில் உட்கார்ந்து போய் வருகிற ஆள் மாதிரி. இதைச் சரிசெய்ய கெப்பாசிட்டர் பேனல் வைப்பார்கள். அது பழுதாகி யாரும் கவனிக்காமல் விட்டால் பில் ஏறும்.

எதை அணைக்கலாம், எதை அணைக்கக் கூடாது

வீட்டில் ‘தேவையில்லாத விளக்கை அணை’ என்று சொல்லிவிடலாம். முகாமில் அப்படிச் சொல்ல முடியாது. ரேடார், தகவல்தொடர்பு அறை, ஓடுபாதை விளக்கு, மருத்துவமனை, ஆயுதக் கிடங்கின் பாதுகாப்பு விளக்கு ஆகியவை எப்போதும் எரிய வேண்டும். இவற்றில் சிக்கனம் என்றால் அணைப்பது இல்லை. அதே வெளிச்சத்தைக் குறைந்த வாட்டில் தருவது. மதில் ஓரத்தில் சோடியம் விளக்கு இருந்த இடத்தில் எல்.இ.டி. வருவது இதனால்தான்.

இன்னொரு பக்கம் பாரக், மெஸ், அலுவலகம், வகுப்பறை, குடியிருப்பு ஆகியவை இருக்கின்றன. இங்கே மின்சாரம் போவது ஃபேன், ஏசி, விளக்கு, கீசர், குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு. அதாவது நம் வீட்டில் இருக்கும் அதே சாமான்கள், எண்ணிக்கை மட்டும்தான் அதிகம். நாட்டின் பாதுகாப்பைத் துளியும் தொடாமல் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இதுதான்.

பில் வராத இடத்தில் ஸ்விட்சை யார் அணைப்பார்?

பாரக்கில் தங்கும் வீரர் கைக்கு கரண்ட் பில் வராது. பில்லைப் பார்க்கும் அலுவலர் அந்த பாரக்கில் தங்குவதில்லை. ஃபேனை வாங்கிப் போடுபவர் மூன்றாவது ஆள். ஹாஸ்டல், அரசு அலுவலகம், மருத்துவமனை என எல்லாப் பொதுக் கட்டடங்களுக்கும் இருக்கும் பிரச்சினை இது. யாரும் வேண்டுமென்றே வீணாக்குவதில்லை. வீணாவது யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவுதான்.

அதனால் இப்படிப்பட்ட இடங்களில் ‘சிக்கனமாக இருங்கள்’ என்று போர்டு வைப்பதைவிட, யாரும் எதையும் ஞாபகம் வைக்கத் தேவையில்லாத மாற்றங்களே பலன் தரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாரக்கில் 20 ஃபேன். ஒவ்வொன்றும் 75 வாட். நாளுக்கு 18 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 27 யூனிட். அதே இடத்தில் 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால் நாளுக்கு 10.8 யூனிட். காற்றில் குறைவில்லை, யாரும் பழக்கத்தை மாற்றவில்லை. ஆனால் நாளுக்கு 16.2 யூனிட் மிச்சம். மாதத்துக்கு 486 யூனிட். இது ஒரே ஒரு பாரக்கில், ஃபேனில் மட்டும்.

ஏசியிலும் இதே வழிதான். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. கொண்டுவந்த விதிப்படி, 2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் லேபிள் கொண்ட அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும். வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம்; ஆனால் பலர் அப்படியே விட்டுவிடுகிறோம். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று பி.இ.இ. சொல்கிறது.

தண்ணீரும் கரண்ட்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. தரைத் தொட்டியிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றிய ஒவ்வொரு லிட்டருக்கும் மோட்டார் ஓடியிருக்கிறது. ஒழுகும் குழாயும் நிரம்பி வழியும் தொட்டியும் கரண்ட் கசிகிற இடங்கள்தான். மிதவை ஸ்விட்ச் ஒன்று சரியாக வேலை செய்தால் போதும், மோட்டார் தானாக நிற்கும்.

கட்டடமே பாதி வேலையைச் செய்யும்

வெலிங்டன் போன்ற பழைய ராணுவக் குடியிருப்புகளில் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. அந்தக் காலத்து முகாம் கட்டடங்களுக்கென்று ஒரு பொதுவான அமைப்பு உண்டு. தடித்த சுவர், உயரமான கூரை, சுற்றிலும் தாழ்வாரம், எதிரெதிரே ஜன்னல். கரண்ட் வருவதற்கு முன்னால் கட்டியவை ஆதலால், வெயிலையும் காற்றையும் கட்டடமே சமாளிக்க வேண்டியிருந்தது.

பிறகு வந்த கான்கிரீட் பெட்டிக் கட்டடங்களில் அந்த வேலையை ஃபேனுக்கும் ஏசிக்கும் ஒப்படைத்துவிட்டோம். பகல் முழுக்க வெயிலை வாங்கிய மொட்டைமாடி ராத்திரி பத்து மணிக்கும் அறைக்குள் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். இதற்கு விலை குறைந்த மருந்து வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. அடுத்தது கூரைக்கு மேல் வெப்பக் காப்பு, ஜன்னலுக்கு மேல் நிழல். ஏசி வாங்குவதற்கு முன்னால் கூரையைச் சரிசெய்தால் சின்ன ஏசியே போதும். சில அறைகளுக்கு ஏசியே தேவைப்படாது.

புதிய பெரிய கட்டடங்களுக்கு இதை விதியாகவே கொண்டுவந்திருக்கிறார்கள். எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-இன் கீழ் வந்த கட்டட விதித்தொகுப்பு முதலில் 2007-லும், திருத்தப்பட்டு 2017-லும் வெளியானது. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புச் சுமை கொண்ட வணிகக் கட்டடங்களின் சுவர், கூரை, கண்ணாடி, விளக்கு, ஏசி எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

மலை உச்சியில் ஒரு யூனிட்

இதுவரை சொன்னது சமவெளிக் கணக்கு. இங்கே ஒரு யூனிட் வீணானால் சில ரூபாய் நஷ்டம். மின்கம்பி எட்டாத எல்லை முகாமில் கணக்கே வேறு.

லடாக், சிக்கிம் மலைகளில் பல நிலைகள் டீசல் ஜெனரேட்டரை நம்பி இருக்கின்றன. ஒரு லிட்டர் டீசலில் சமவெளியில் கிடைப்பதே சுமார் 3 முதல் 4 யூனிட். காற்று மெலிந்த உயரத்தில் இன்னும் குறையும். அந்த டீசலை லாரியில் மலைப்பாதை ஏற்ற வேண்டும்; சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் வேறு வழிகளில் கொண்டு போக வேண்டும். பனி மூடுவதற்கு முன்னால் குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்து வைக்க வேண்டும். கூடாரத்தின் சுவர் வழியே வெளியேறும் சூடும், காலி அறையில் எரியும் பல்பும் அங்கே வீணாக்குவது, ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த எரிபொருளை.

இது வெறும் பேச்சுக்காகச் சொல்வதல்ல. ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கப் படை முகாம்களுக்கு எரிபொருள் கொண்டுபோன லாரி அணிகளைப் பற்றி, அமெரிக்க ராணுவத்தின் சுற்றுச்சூழல் கொள்கை நிறுவனம் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2007 நிதியாண்டுக் கணக்குப்படி, சுமார் 24 லாரி அணிகளுக்கு ஒருவர் வீதம் உயிரிழந்தார் அல்லது காயமடைந்தார். அந்த எரிபொருளில் கணிசமான பங்கு கூடாரங்களின் ஏசிக்காக ஜெனரேட்டரில் எரிந்தது. பிறகு கூடாரங்களின் மேல் வெப்பக் காப்பு நுரையைத் தெளித்தார்கள். கூடாரம் சூடாவது குறைந்தது. ஏசிக்கு வேண்டிய டீசல் குறைந்தது. சாலையில் போக வேண்டிய லாரியும் குறைந்தது.

நம் நாட்டிலும் இந்தத் திசையில் வேலை நடக்கிறது.

- வட சிக்கிமில் சுமார் 16,000 அடி உயரத்தில், ஐ.ஐ.டி. மும்பையுடன் சேர்ந்து ராணுவம் 56 கே.வி.ஏ. சூரிய மின் அமைப்பை 2021-ல் நிறுவியது. கடுங்குளிரையும் கருத்தில் கொண்டு வனேடியம் வகை பேட்டரி பயன்படுத்தினார்கள்.
- 2021-ல் லடாக்கின் பொறியாளர் சோனம் வாங்சுக், ராணுவத்துக்காக வெயிலில் சூடாகும் கூடாரம் ஒன்றை உருவாக்கிக் காட்டினார். வெளியே இரவில் மைனஸ் 14 டிகிரி இருந்தபோது உள்ளே 15 டிகிரி இருந்ததாக அவர் தெரிவித்தார்.
- டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய ‘ஹிம் தாபக்’ என்ற அறை சூடேற்றி, எரிபொருளை மிச்சப்படுத்துவதோடு கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு ஆபத்தையும் தவிர்க்க வடிவமைக்கப்பட்டது. மூடிய அறையில் அடுப்பு எரித்துத் தூங்கும் வீரருக்கு இது உயிர் காக்கும் விஷயம்.
- லடாக்கின் சுஷுலில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரத்தில், என்.டி.பி.சி. நிறுவனமும் ராணுவமும் இணைந்த சூரிய-ஹைட்ரஜன் மின் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பகல் வெயிலில் மின்சாரம் எடுத்து, மிஞ்சியதை ஹைட்ரஜனாக மாற்றிச் சேமித்து, தேவைப்படும்போது மறுபடி மின்சாரமாக்குவது திட்டம். ஆண்டு முழுவதும் 200 கிலோவாட் தந்து, டீசல் ஜெனரேட்டருக்கு மாற்றாக நிற்பதே நோக்கம்.

பேனல் போடுவதற்கு முன்னால்

முகாம்களில் காலி நிலமும் பெரிய கூரைகளும் இருப்பதால் சூரிய மின்சாரத்துக்கு வசதி அதிகம். பாதுகாப்புத் துறை வளாகங்களிலும் துணை ராணுவப் படைகளிலும் 300 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின் நிலையங்கள் அமைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2014 டிசம்பரில் ஒப்புதல் தந்தது. நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் ஏழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமியில் 3 மெகாவாட் நிலையம் 2020 ஜூலையில் தொடங்கிவைக்கப்பட்டது.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, முதலில் மிச்சம், பிறகுதான் பேனல். நம் பக்கத்து வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மேலே பார்த்த பாரக்கில் ஃபேன் மாற்றியதால் கிடைத்த 16 யூனிட், 4 கிலோவாட் பேனலை வாங்காமலேயே வாங்கியது மாதிரி.

இரண்டு, பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த சோலார், கரண்ட் கட் ஆனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் மின் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. அதனால் கரண்ட் போனாலும் இயங்கவேண்டிய முகாமுக்குப் பேனல் மட்டும் போதாது. பேட்டரியும், வெளித் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு தனியாக ஓடத் தேவையான கட்டுப்பாட்டு அமைப்பும் வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள மிராமார் விமானத் தளத்தில் இப்படி ஓர் அமைப்பு உண்டு. அதில் சோலாரோடு, குப்பைக் கிடங்கிலிருந்து வரும் எரிவாயுவும் மின்சாரம் தருகிறது.

அளக்க வேண்டும், ஆனால் எல்லோருக்கும் காட்டக் கூடாது

வாசலில் ஒரே மீட்டர் இருந்தால், மாதக் கடைசியில் ‘அதிகம் ஓடியிருக்கிறது’ என்று மட்டும்தான் தெரியும். எந்தக் கட்டடத்தில், எந்த நேரத்தில் என்று தெரியாது. கட்டடத்துக்கு ஒரு மீட்டர் வைத்தால், ராத்திரி ஆளில்லாத அலுவலகத்தில் ஏசி ஓடுவது மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும்.

அமெரிக்கா இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2005-ல் வந்த எரிசக்திச் சட்டம், 2012 அக்டோபருக்குள் கூட்டாட்சி அரசின் கட்டடங்களுக்கு மீட்டர் பொருத்தச் சொன்னது. 2007 சட்டம், 2003-ஆம் ஆண்டு அளவோடு ஒப்பிட்டு, சதுர அடிக்கான எரிசக்திச் செலவை 2015-க்குள் 30 சதவீதம் குறைக்க இலக்கு வைத்தது. அந்த நாட்டு அரசுத் துறைகளிலேயே அதிக எரிசக்தி செலவழிப்பது பாதுகாப்புத் துறை என்பதால், அதிக வேலையும் ராணுவக் கட்டடங்களுக்குத்தான் வந்தது.

ராணுவத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எந்தக் கட்டடத்தில் எப்போது கரண்ட் ஏறுகிறது என்று தெரிந்தால், அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், எப்போது கிளம்பினார்கள் என்பதையும் ஊகிக்கலாம். 2018 ஜனவரியில் நடந்தது நினைவிருக்கலாம். ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்கள் மூலம் பல ராணுவத் தளங்களின் அமைப்பே தெரிந்துபோனது. அதனால்தான் முகாமின் மீட்டர் தகவலும் பாதுகாக்க வேண்டிய தகவலாகிறது.

நம் வீட்டுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

- அளவை அடிக்கடி பாருங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கட்டண விகிதம் ஏறும். வாரம் ஒருமுறை மீட்டரை போனில் போட்டோ எடுத்து வைத்தால், எல்லையை நெருங்குவது முன்கூட்டியே தெரியும்.
- அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். எப்போதாவது ஓடும் மிக்ஸியைவிட, நாள் முழுக்க ஓடும் ஃபேனும் ஃப்ரிட்ஜும்தான் முக்கியம். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் கட்டாயம். வாங்குவதற்கு முன்னால் பி.இ.இ. ஸ்டார் லேபிள் செயலியில் மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.
- ஏசியை 24-லிலேயே விட்டு, ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள். கோடைக்கு முன்னால் மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் இரண்டுக்குமே வேலை குறையும்.
- சோலார் யோசிக்கிறீர்களா? 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக் கூரைக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட் மற்றும் அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. அதன் தேசிய இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கரண்ட் கட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரி பற்றி முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
- உங்கள் மின் தகவலும் உங்கள் தகவல்தான். ‘இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று வரும் மெசேஜை நம்பி ஓ.டி.பி. சொல்லவோ, லிங்க்கைத் தொடவோ, செயலி இறக்கவோ வேண்டாம். சந்தேகம் இருந்தால் மின்னகம் சேவை எண் 94987 94987-ஐ எந்த நேரத்திலும் அழைத்துக் கேளுங்கள்.

பாரக் வீரருக்கு பில் வராது, நமக்கு வருகிறது. அந்த வகையில் நம் வேலை சுலபம். அடுத்த பில் வரும் வரை காத்திராமல், இன்றைக்கே மீட்டரைப் பார்த்து அளவைக் குறித்து வையுங்கள். எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பது அடுத்த வாரத்துக்குள் தெரிந்துவிடும்.